ஒன்பதாம் டோக்கன்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளைக் கவுண்டர் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுவதும், முறை வந்ததும் உரக்கக் கூப்பிடுவதும் பதினாறு வருடமாக அவள் வேலை. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள். டாக்டரம்மாவும் அக்கா என்றார். ஒருமுறை அவளுடைய சொந்தச் சித்தப்பாவே கண் காட்ட வந்து, கூட்டத்தோடு கூட்டமாக அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாற்பத்து மூன்று வயதில் அவள் புரோகிராமிங் கற்றுக்கொள்ளப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்த பிறகு சனிக்கிழமைகள் நீளமாகிவிட்டன. நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மாலை இலவச வகுப்பு என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"தையல் கிளாஸ் எதுலயாவது சேரக் கூடாதா?"

"எனக்குத் தைக்கத் தெரியும்" என்றாள்.

வகுப்பில் பதினோரு பேர். நடத்தியவள் இருபத்தாறு வயதுப் பெண். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் மிஸ் என்றாள். அந்தப் பெண் நெளிந்தாள்.

"அக்கா, நீங்க போய் என்னை மிஸ்னு…"

"சொல்லிக் குடுக்கறவங்க மிஸ்தான். நான் ஸ்கூல்ல படிச்சது அப்படி."

மூன்றாவது வாரம் ஒரு சின்னப் பயிற்சி. வயதைக் கேட்கவேண்டும், அடுத்த வருடம் எத்தனை வயது என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். அக்கா எழுதி ஓட்டினாள். வயதைக் கேட்டது. 43 என்று தட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வந்து நின்றது. எழுத்தையும் எண்ணையும் கூட்ட முடியாது என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கூட்டுகிற 1-ஐயும் மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்தாக்கிவிட்டாள். இந்தத் தடவை சிவப்பு வரவில்லை. அடுத்த வருடம் உங்கள் வயது 431 என்றது.

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் எட்டிப் பார்த்து, "வயசு தெரியவே இல்லம்மா உங்களுக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

மிஸ் பலகைக்குப் போனாள். "கீபோர்டுல எதைத் தட்டினாலும் அது எழுத்தாத்தான் உள்ள வரும். நீங்க நாப்பத்தி மூணுன்னு நினைச்சுத் தட்டறீங்க. அதுக்கு அது நாலுன்னு ஒரு எழுத்து, மூணுன்னு ஒரு எழுத்து. 'அ', 'ஆ' மாதிரி. பக்கத்துல ஒண்ணைக் கொண்டு போனா ஒட்டி வெச்சுக்கும், கூட்டாது. எண்ணா வேணும்னா நாமதான் மாத்திக் குடுக்கணும்." பலகையில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டாள். "இன்ட். இதுக்குள்ள வெச்சா எண்ணாயிடும்."

"எண்ணைத் தட்டாம, நாப்பத்தி மூணுன்னு எழுத்துல தட்டினா?" என்றாள் அக்கா.

"அப்ப மறுபடி சிவப்புத்தான். தப்பாத் தட்டினவங்ககிட்ட எப்படித் திரும்பக் கேக்கறதுங்கறது தனிப் பாடம். இன்னும் நாலு வாரம் இருக்கு."

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது கணவர் காபியை ஆற்றியபடியே கேட்டார். "அப்ப லிஃப்ட்ல நாலாவது மாடி பட்டனை அமுக்கினா அது எழுத்தா, எண்ணா?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. "உங்க லிஃப்ட் எல்லாம் நாலை அமுக்கினா ரெண்டுலதான் நிக்குது. முதல்ல அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த பாடம் பட்டியல்கள். ஒரு பட்டியலில் எதை வேண்டுமானாலும் போட்டுவைக்கலாம், ஒரே கட்டளையில் அதை வரிசைப்படுத்தலாம் என்று தெரிந்ததும் அக்காவுக்குத் தன் மேஜைதான் நினைவுக்கு வந்தது. காலை ஏழு மணியிலிருந்து வாட்ச்மேன் வாசலில் நின்று எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகளைக் கொடுப்பார். டோக்கன் வாங்கியவர்கள் டீ குடிக்கப் போவார்கள், வண்டியை ஓரமாக நிறுத்தப் போவார்கள், முன்னே பின்னேதான் கவுண்டருக்கு வருவார்கள். நோட்டில் பெயர்கள் தாறுமாறாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் அடுத்தது யார் என்று விரலை வைத்துத் தேடவேண்டும்.

பத்து நாள் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். டோக்கன் எண்ணைக் கேட்கும், பெயரைக் கேட்கும், என்ன தொந்தரவு என்று கேட்கும். எந்த வரிசையில் உள்ளே போட்டாலும் டோக்கன்படி அடுக்கிக்கொள்ளும். ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்தவரின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டும். பெயரை மட்டும்தான் காட்டும். அது அவளாக யோசித்துச் செய்த ஏற்பாடு. வந்தவர்களை ஏழு, எட்டு என்று கத்திக் கூப்பிடுவது அவளுக்கு எப்போதுமே பிடித்ததில்லை. மனிதர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும்.

ஐந்து பொய்ப் பெயர்களைக் கலைத்துப் போட்டுச் சோதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒழுங்காக வந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"நீங்களே எழுதினதா? நிஜமாவா?"

"நானேதான்."

"திங்கக்கிழமையே ஆரம்பிங்க அக்கா" என்றார் டாக்டரம்மா.

திங்கட்கிழமை என்றாலே கூட்டம்தான். அன்றைக்கு டாக்டரம்மா வேறு இடத்தில் ஒரு அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு வரப் பத்து மணியாகிவிட்டது. அதற்குள் இருபத்திரண்டு பேர் வந்து கவுண்டரில் பதிந்திருந்தார்கள். எட்டரை மணி வாக்கில் வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை, விரலில் சாவிக்கொத்து. காலைச் சவாரியை முடித்த கையோடு வந்திருந்தார். ஒன்பதாம் எண் வில்லையை நீட்டினார்.

"என்ன தொந்தரவு?"

அவர் பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சும்மாதான். கண்ணாடி பவர் பாக்கணும்."

கண்ணாடி என்று தட்டினாள் அக்கா. அவர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா வந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஏதோ கேட்க அறைக்குள் போனார். அவரிடம் டாக்டரம்மா பெருமையாகச் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. "இனிமே எங்க கவுண்டர் அக்கா எழுதின புரோகிராம்தான். நோட்டுக்கு லீவு." அக்காவின் முகம் சூடாகியது. பட்டனைத் தட்டினாள். முதல் பெயர் வந்தது. கூப்பிட்டாள். இரண்டாவது பெயர் வந்தது. கூப்பிட்டாள். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

பத்தே முக்காலுக்கு ஒரு அம்மாள் கவுண்டரின் மேல் வில்லையை டக்கென்று வைத்தார். "இது என்ன நம்பர், நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு."

"எனக்கு முன்னாடி ஆறு பேர் உள்ள போயிட்டு வந்தாச்சு. ஒருத்தர் கையில பதினாலாம் நம்பர். நான் என்ன வேடிக்கை பாக்கவா வந்தேன்?"

பதிவு செய்யும்போது தப்பாகத் தட்டியிருப்போம் என்று அக்கா நினைத்தாள். மன்னிப்புக் கேட்டு அவரை உள்ளே அனுப்பினாள். கால் மணி கழித்து மூன்றாம் எண்காரர் வந்தார். அவர் இன்னும் சத்தமாகப் பேசினார். அவரும் உள்ளே போனார். நான்காம் எண் வந்து மேஜையைத் தட்டியபோது மணி பதினொன்றரை.

அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே தப்பு என்று தெரியவில்லை, ஆனால் தப்பு இருக்கிறது என்று தெரிந்தது. இழுப்பறையில் நோட்டு இருந்தது. எழுந்து நின்று, எல்லாரும் டோக்கனைக் காட்டுங்கள் என்று சொல்லி, புதுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளக் கால் மணிகூட ஆகியிருக்காது. ஆனால் டாக்டரம்மா அந்தக் கடைக்காரரிடம் சொன்னது காதிலேயே நின்றது. மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சண்டைக்கு வருகிறவர்களைக் கையாலேயே உள்ளே அனுப்பிவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாமல் இன்றைய பொழுதை ஓட்டிவிடலாம்.

அப்படித்தான் ஓடியது. ஐந்தும் ஏழும் சண்டை போட்டு உள்ளே போனார்கள். ஆறு கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டது. எட்டு, தெரிந்த நர்ஸைப் பிடித்துப் பின்பக்கமாக நுழைந்தது. இதற்கு நடுவே முப்பத்தொன்று வரைக்கும் புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்பதாம் எண்காரர் மட்டும் மூலையை விட்டு அசையவில்லை. சண்டைக்கு வரவில்லை, கேட்கக்கூட வரவில்லை. அவர் பெயர் திரையில் வந்தபோது மணி ஒன்று நாற்பது. கூடத்தில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

அவர் உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு படாரென்று திறந்தது.

"அக்கா, பெரியாஸ்பத்திரிக்கு போன் போடுங்க. அவசரம்னு சொல்லுங்க, விழித்திரை விலகியிருக்குன்னு சொல்லுங்க." டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. "இவர் எத்தனை மணிக்கு வந்தார்?"

"எட்டரைக்கு."

"எட்டரைக்கு வந்தவரை இப்பவா அனுப்பறீங்க?"

அக்கா போனை எடுத்தாள். நர்ஸ் அவரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள். அவர் போகும்போது சாவிக்கொத்தைக் கவுண்டரில் வைத்தார். "வேன் வெளிய நிக்குது. ஆபீஸ்லேர்ந்து யாராவது வருவாங்க, குடுத்துடுங்க. மூணரைக்குப் பிள்ளைங்க வெளிய வந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

கூடம் காலியாகிவிட்டது. அக்கா கணினி முன்னால் உட்கார்ந்து, இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத முழுப் பட்டியலையும் திரையில் வரவழைத்தாள். 1. அதற்குக் கீழே 10. அதற்குக் கீழே 11, 12, 13. பத்தொன்பது வரை போய்விட்டு அதற்கப்புறம் 2. பிறகு 20, 21. எல்லாவற்றுக்கும் அடியில், தனியாக, 9.

பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. அகராதியில் வார்த்தைகளை அடுக்குகிற மாதிரி அடுக்கியிருக்கிறது. முதல் எழுத்தைப் பார்த்து, அது 1 ஆக இருந்தவை எல்லாவற்றையும் முன்னால் வைத்திருக்கிறது. ஒன்பது என்கிற எழுத்து கடைசி எழுத்து. எண்ணாக மாற்றவில்லை. வயதுப் பயிற்சியில் மாற்றாமல் விட்டபோது சிவப்பாகக் கத்தியது. டோக்கனை அவள் எதனோடும் கூட்டவில்லை, கழிக்கவில்லை. வரிசைப்படுத்தத்தான் சொன்னாள். அது வாயைத் திறக்காமல் தனக்குத் தெரிந்தபடி அடுக்கிக் கொடுத்துவிட்டது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தபோது எல்லாம் ஒற்றை இலக்கம், அதனால் தெரியவும் இல்லை.

எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"எதனாலன்னு இப்பத்தான் தெரியும்." இதற்கு மேல் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "ஏதோ தப்புன்னு பதினொன்றரைக்கே தெரியும். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. நோட்டை எடுக்கல."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். "எழுதினதுல தப்பு வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும் சரியாப் பாக்காம ஆரம்பிக்கச் சொன்னேன். ஆனா தெரிஞ்சும் ரெண்டு மணி நேரம்…" டப்பாவை மூடினார்.

"அந்த ரெண்டு மணி நேரத்துல அவருக்குக் கண்ணுல…"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். என்னை அதைக் கேக்காதீங்க." பிறகு மெதுவாக, "நாளைக்கு நோட்டு" என்றார்.

அன்று மாலையே வேன்காரருக்கு அறுவை சிகிச்சை நடந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் கேலி எதுவும் பண்ணவில்லை. கருவிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு தடவை நான் ஒரு லிஃப்ட் கதவு சரியா மூடலன்னு தெரிஞ்சும், அடுத்த வேலை இருக்குன்னு கிளம்பி வந்துட்டேன். பாதி வழியில திரும்பிப் போனேன். ஒண்ணும் ஆகல. ஆனா இப்பவும் அந்தக் கட்டடம் பக்கம் போனா உள்ள போய் அந்தக் கதவைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அதை அவளிடம் சொன்னதில்லை.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். தபால்காரர் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் சொல்லிக் குடுத்திருக்கணும் அக்கா. கூட்டினாத்தான் கத்தும், அடுக்கினாக் கத்தாதுன்னு. எனக்குத் தோணவே இல்ல."

"இதைச் சரி பண்ண என்ன செய்யணும் மிஸ்?"

மிஸ் திரையில் அந்த வரியைக் காட்டினாள். டோக்கனைக் கேட்கிற இடத்தில் ஒரு இன்ட், ஒரு அடைப்புக்குறி. அவ்வளவுதான். அக்காவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் தப்பு இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போலிருந்தது.

அந்த வாரப் பாடம், தப்பாகத் தட்டினால் திரும்பக் கேட்பது எப்படி என்பது. வந்ததை எண்ணாக மாற்றிப் பார். மாறவில்லையா, நின்றுபோகாதே, திரும்பக் கேள். அக்கா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். முடிந்ததும் மிஸ் சொன்னாள். "இதைச் சோதிக்கணும்னா நீங்க சோதிக்காதீங்க. எழுதினவங்க கை தானா சரியாத்தான் தட்டும். இந்தப் புரோகிராமைக் கண்டாலே ஆகாதுன்னு யாராவது இருந்தா, அவங்ககிட்டக் குடுங்க."

அப்படி ஒருவர் இருந்தார். மருத்துவமனையைக் கூட்டித் துடைக்கும் அம்மாள். அவர் மாப்பை எடுத்துவந்தால் நாற்காலிகளே விலகி வழிவிடும், அதனால் புயல் என்று பெயர். கணினி வந்த நாளிலிருந்து அதன் ஒயர்கள் மாப்பில் சிக்குகிறதென்று அதன்மேல் தீராத பகை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இதைக் கெடுத்துக் காட்டுங்க பாப்போம்."

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமா."

புயல் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டோக்கன் எண் என்று கேட்டதற்கு ஒன்றும் தட்டாமல் என்டர் பட்டனை அமுக்கினார். திரும்பக் கேட்டது. 'ஒம்போது' என்று எழுத்தில் தட்டினார். தவறான உள்ளீடு என்றது.

"என்னவாம்?"

"தப்பாப் போட்டுட்டீங்களாம்."

"தப்புன்னா எது ரைட்டுன்னு சொல்லணுமில்ல? சும்மா தப்பு தப்புன்னா எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கு."

அக்கா அதைக் குறித்துக்கொண்டாள். புயலுக்குச் சூடு பிடித்துவிட்டது. பூஜ்யம் போட்டார், ஏற்றுக்கொண்டது. ஒன்பதுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டார், அதையும் ஏற்றுக்கொண்டது. தொள்ளாயிரம் போட்டார். பிறகு ஒரே ஒன்பதை இரண்டு பெயருக்குப் போட்டார். நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு பேருக்கு ஒரே டோக்கனாம், வாங்கிக்கிச்சு. இதையா நம்பறீங்க?" என்றார்.

நான்கு மத்தியானம் புயல் வந்து கெடுத்தார், நான்கு நாளும் அக்கா திருத்தினாள். இப்போது அது ஒன்றிலிருந்து அறுபது வரைதான் வாங்கும். ஏற்கெனவே வந்த எண்ணைக் கொடுத்தால் அது யாருடையது என்று காட்டும். 'எண்ணாகத் தட்டுங்கள், 9 என்பது போல' என்று சொல்லும். பெயரோடு டோக்கனும், முழுப் பட்டியலும் எப்போதும் திரையில் நிற்கும். டாக்டரம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் நோட்டும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒவ்வொரு மாலையும் இரண்டையும் ஒப்பிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வாரக் கடைசியில் நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தார்.

வேன்காரர் மறுபடி அங்கே வந்தது அதற்கு அடுத்த மாதம். மனைவி கையைப் பிடித்திருந்தார். ஒரு கண்ணில் கறுப்புத் தடுப்பு. அக்கா கவுண்டரை நர்ஸிடம் விட்டுவிட்டு எழுந்துபோய் அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்ததும் அதில் ஒன்றுமே வரவில்லை.

"அன்னிக்கு உங்களை அவ்வளவு நேரம் உட்கார வெச்சது என் தப்பு. கம்ப்யூட்டர்ல நான் தப்பா எழுதியிருந்தேன். ஒம்பதைக் கடைசில கொண்டு போய் வெச்சுடுச்சு. பாதியிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அவர் மனைவியின் முகம் இறுகியது. வேன்காரர் சாவி இல்லாத விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

"என்னது?"

"என் நம்பர் தாண்டிப் போச்சுன்னு. பதினஞ்சு போச்சு, இருபது போச்சு, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கூப்பிடாத வரைக்கும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளா கண்ணோரத்துல மின்னல் மாதிரி அடிச்சுது. அன்னிக்குக் காலையில திரை மாதிரி ஒண்ணு கீழேர்ந்து ஏற ஆரம்பிச்சுது. அந்தக் கண்ணோடதான் பிள்ளைங்களைக் கொண்டு போய் விட்டேன். நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

"ரெண்டு நாளா! என்கிட்டக்கூடச் சொல்லல" என்றார் மனைவி. அதை அவர் நூறாவது தடவையாகச் சொல்கிறார் என்பது தெரிந்தது.

"நான் கேட்டேனே, என்ன தொந்தரவுன்னு. கண்ணாடின்னீங்க."

"கேட்டீங்க. எனக்குப் பின்னால ஏழு பேர் நின்னாங்க. அதுல ரெண்டு பேர் என் வேன்ல வர்ற பிள்ளைங்களோட அம்மாங்க. கண்ணு தெரியலன்னு அங்க நின்னு எப்படிச் சொல்றது?"

அக்கா தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் பேரிடம் அதே மேஜையில், அதே குரலில், வரிசை முழுக்கக் கேட்கும்படி அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அவள் டாக்டரம்மாவிடம் போய் ஒரு ஸ்டூலும் ஒரு திரைச்சீலையும் கேட்டாள். இப்போது கவுண்டரில் டோக்கனும் பெயரும் மட்டும்தான். தொந்தரவை நர்ஸ் திரைக்கு உள்ளே வைத்து, ஒவ்வொருவராகக் கேட்கிறாள். மின்னுகிறதா, மறைக்கிறதா, திடீரென்று வந்ததா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கவேண்டும் என்று டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தார். ஆம் என்று ஒன்று வந்தாலும் அந்தப் பெயர் டோக்கனைத் தாண்டி மேலே போய்விடும். முதல் மாதத்தில் அப்படி இரண்டு பேர் மேலே போனார்கள். அவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்காக வந்ததாகத்தான் வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார்.

வேன்காரரின் கண்ணில் நடுப் பார்வை திரும்பிவிட்டது. கீழோரத்தில் ஒரு சாம்பல் நிறம் மட்டும் மீதி. அது போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேன் ஓட்டவும் கூடாது. இதைக் கேட்டபோது அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வெளியே வந்து வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். வேன் அலுவலகம் அவரை விட்டுவிடவில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆளாகப் பின் இருக்கையில் போட்டார்கள்.

கடைசியாக அவர் வந்தது மழை விட்டிருந்த ஒரு காலை. கூட்டம் குறைவு. டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கவுண்டரிலேயே கொஞ்சநேரம் நின்றார். புது வேலை எப்படி என்று அக்கா கேட்டாள்.

"முதல் வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். புதுசா ஓட்ட வந்தவன் திருப்பத்துல பிரேக் போடற இடமெல்லாம் எனக்குக் கால் தானா அமுங்குது." சிரித்தார். "பன்னெண்டு வருஷமா அதே ரோடு. ஜன்னல் பக்கம் உக்காந்து ஒரு நாளும் போனதில்ல. மார்க்கெட் தாண்டி ஒரு மஞ்சள் வீடு இருக்குங்க. மாடில ஒரு அம்மா சக்கர நாற்காலில இருப்பாங்க. தினமும் வேனைப் பாத்துக் கை ஆட்டுவாங்க. பிள்ளைங்க எல்லாம் சேந்து திருப்பி ஆட்டும். எத்தனை வருஷமா நடக்குதோ. ஓட்டறவனுக்கு எங்க தெரியும்?"

"நீங்களும் ஆட்டினீங்களா?"

"முதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் லேசா ஆட்டினேன்." கையைக் கவுண்டருக்கு மேல் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "அந்தம்மா நாற்காலியை முன்னால தள்ளிக்கிட்டு வந்து, இது யாரு புது ஆளுன்னு எட்டிப் பாத்தாங்க."